மாற்று வழி 9900

நான் எழுதும் புத்தகங்களை யாரும் படிப்பதில்லை. அனுதாபம் தேடிச் சொல்லவில்லை, என் வேலை அப்படி. மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுகிறவள் நான். கையேட்டைக் கையில் வாங்கும் ஆள் முதல் பக்கத்தைப் புரட்டுவார், மூடி வைப்பார். அவசரம் என்று வந்தால் கட்டம் கட்டி ஏதாவது எடுத்துக்காட்டு இருக்கிறதா என்று தேடுவார். அதில் தனக்குத் தெரிந்த ஒன்றிரண்டு இடங்களை மட்டும் தன் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு, மிச்சத்தை அப்படியே அடித்துவிட்டுப் போய்விடுவார். கட்டத்துக்கு மேலும் கீழும் நான் மாங்கு மாங்கென்று எழுதியதெல்லாம் சும்மா கிடக்கும்.

இந்த முறை எழுதிக்கொண்டிருந்தது வழித்தேடல் என்ற கருவிக்கு. ஒரு தொலைபேசி எண்ணை அதில் அடித்தால், அது எந்த ஊர் எண், எந்த நிலையத்தைச் சேர்ந்தது, அங்கே போகிற அழைப்பு எந்த வழியாகப் போகிறது, அந்த வழி அறுந்தால் மாற்று வழி எது என்று சொல்லும். சொல்லும், அவ்வளவுதான். எதையும் மாற்றாது. மாற்றுவதற்கு வேறு திரை, வேறு சாவி. அந்தச் சாவி அந்தந்த மாவட்டத்து டெக்னீஷியனிடமும், மேலே தலைமை அலுவலகத்திலும் இருக்கும். மாவட்டத்துக்கு ஒரே டெக்னீஷியன் என்று ஆகிவிட்ட காலம் இது. அவர்களுக்காகத்தான் முதல்முறையாகத் தமிழில் கையேடு போடச் சொல்லி எங்கள் அலுவலகத்தில் முடிவெடுத்தார்கள். கருத்துக் கேட்பதற்காக வரைவுப் பிரதியை எல்லா மாவட்டங்களுக்கும் அனுப்பியிருந்தேன். ஒருவரும் கருத்துச் சொல்லவில்லை, வழக்கம்போல.

அன்று புயல் விடுமுறை. சென்னையில் வெறும் தூறல். புயல் தெற்கே ஆதிவயல் பக்கம் காலையில் கரையைக் கடந்திருந்தது. நான் மட்டும் அலுவலகம் வந்ததற்குக் காரணம், சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, எனக்கு ஒரு படம் தேவைப்பட்டது. ஒரு ஊரின் முதன்மை வழி அறுந்து கிடக்கும்போது வழித்தேடல் திரை எப்படி இருக்கும் என்று கையேட்டில் காட்ட வேண்டும். நல்ல நாளில் அந்தப் படம் கிடைக்காது. புயல் நாளில்தான் கிடைக்கும். ஊரெல்லாம் கூரை பறந்துகொண்டிருக்க நான் காபியை வைத்துக்கொண்டு ஆதிவயல் வட்டத்து அவசர எண்ணை அடித்தேன்.

முதன்மை வழி: துண்டிப்பு. கேட்ட படம் கிடைத்த சந்தோஷத்தில் அடுத்த வரியைக் கவனிக்கவில்லை. படத்தை எடுத்துக் கையேட்டில் ஒட்டிய பிறகுதான் பார்த்தேன்.

மாற்று வழி: 9900.

அந்த எண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். என் கையேட்டில் எடுத்துக்காட்டுக் கட்டத்தில் நானே போட்டது. நிஜமாகப் பயன்பாட்டில் உள்ள வழி எண் எதையும் கையேட்டில் அச்சிடக் கூடாது என்பது எங்கள் விதி, யாராவது தவறாகப் பயன்படுத்திவிடுவார்கள் என்று. அதனால் கீழ்த்தளத்துச் சோதனைக்கூடத்தில் இருக்கும் குமரகுருபரனிடம் ஒரு எண் கேட்டேன். “9900 போட்டுக்குங்க மேடம். அது நம்ம லேப் லைன். யாருக்கும் ஒரு ஆபத்தும் இல்ல” என்றான்.

திரையைப் புதுப்பித்து மறுபடி அடித்தேன். 9900. பக்கத்து வட்டத்தை அடித்தேன். அதற்கு வேறு எண் வந்தது. ஆதிவயலுக்கு மட்டும் 9900. காபியை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடினேன்.

குமரகுருபரன் டப்பாவைத் திறந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முப்பத்திரண்டு வயது, கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சண்டை போடுகிறவன், விடுமுறை நாளில் லேப்தான் அவனுக்குப் புகலிடம். பெரியக்காவைச் செய்த மூன்று பேரில் ஒருவன்.

பெரியக்கா என்பது ஒரு குரல். அவசர உதவி மையங்களில் ஆட்களைக் குறைத்த பிறகு, கூப்பிடுகிறவர்கள் மணி அடிக்க அடிக்கக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் அவர்களோடு பேச ஒரு இயந்திரக் குரலை உண்டாக்கினார்கள். கூப்பிடுகிற ஆள் ரெண்டு வாக்கியம் பேசினால் போதும், அவர் ஊர்ப் பேச்சையே அது பேசும். முதலுதவி சொல்லும், விவரம் கேட்டு வாங்கும், அழுகிறவர்களைத் தேற்றும், மையத்தில் ஆள் கிடைத்ததும் கைமாற்றிவிடும். நிஜ மையங்களுக்கு அது போக இன்னும் ஆறு மாதம் இருந்தது. அதுவரை லேப்பில், 9900 என்ற வழியின் முனையில், யாராவது சோதித்தால் பேசிக்கொண்டிருக்கும்.

“குரு, இன்னைக்கு யாராச்சும் டெஸ்ட் பண்ணுதாங்களா?” என்றேன். நான் தூத்துக்குடிக்காரி. பதற்றம் வந்தால் பேச்சு ஊருக்குப் போய்விடும்.

“லீவுல யார் மேடம் டெஸ்ட் பண்ணுவா?”

“பின்ன இதென்னது?” சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டினேன். சாதாரணமாக இருட்டாக இருக்கும் கட்டங்களில் நாலைந்து பச்சையாக எரிந்தன.

அவன் எச்சில் கையோடு எழுந்து பார்த்தான். “யாரோ ஆட்டோ டெஸ்ட்ட ஓட விட்டுட்டுப் போயிருக்காங்க போல. பெரியக்கா காலைலேர்ந்து பேசிட்டுத்தான் இருக்கா.”

“யார்கிட்ட?”

அவன் இடது கையால் ஒரு கட்டத்தைத் தொட்டான். ஒலிபெருக்கி இரைந்தது. காற்றின் சத்தம், தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம், அதற்கு நடுவே ஒரு பெண்.

“...வூட்டுக்காரருக்குக் கண்ணு சொக்குதுக்கா. கூப்புட்டா ஊம்ங்கறாரு, கண்ணத் தொறக்க முடியலங்கறாரு.”

“பதறாதீங்க இளஞ்சியம். நான் இஞ்சதான் இருக்கேன். பாம்பு கடிச்ச காலு அசையாம இருக்கா? கட்டு கிட்டு எதுவும் போடலல்ல?” இது பெரியக்கா. அவ்வளவு இதம், அவ்வளவு நிதானம். அந்தக் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள் போலப் பேசியது.

“நீங்க சொன்னாப்புல பலகைய வெச்சிருக்கேன். வண்டி எங்கக்கா வருது?”

“வண்டி கெளம்பிடுச்சு இளஞ்சியம். வந்துகிட்டே இருக்கு.”

குமரகுருபரன் கையில் ஒட்டியிருந்த சோற்றோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

“எந்த வண்டிடா?” என்றேன். அவனை நான் டா போட்டது அதுதான் முதல்முறை.

“வண்டி இல்ல மேடம். லேப்ல வண்டி ஏது? ‘வண்டி அனுப்பு’ன்னு பெரியக்கா கேட்டா, ‘அனுப்பியாச்சு’ன்னு பதில் சொல்ற மாதிரி ஒரு டம்மி எழுதி வெச்சிருக்கோம். மத்ததையெல்லாம் டெஸ்ட் பண்ணணும்ல, அதுக்காக. எப்பக் கேட்டாலும் அனுப்பியாச்சுன்னுதான் சொல்லும். அவளும் அத நம்பி அவங்ககிட்ட சொல்றா.”

ஆதிவயல் வட்டத்தில் காலையிலிருந்து யார் யாரோ அவசர எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் அன்பாகப் பதில் கிடைத்திருக்கிறது. எல்லாருக்கும் வண்டி கிளம்பியிருக்கிறது. ஒரு வண்டியும் கிளம்பவில்லை.

குமரகுருபரன் பதிவுகளைத் திரட்ட ஆரம்பித்தான். நான் ஆதிவயல் டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். முருகையன் என்று பெயர், பார்த்ததில்லை. பலமுறை அடித்த பிறகு எடுத்தார். பின்னால் மோட்டார் தண்ணீர் இறைக்கும் சத்தம்.

“மேடம், நீங்களா! ஒங்க புஸ்தகத்தத்தான் மேடம் காலையில பாத்தேன். மொத தடவையா தமிழ்ல, புரியிற மாரி போட்டிருக்கீங்க. மெயின் லைன் அந்துபோச்சா, கையும் ஓடல காலும் ஓடல. ஒங்க கட்டத்தப் பாத்து அப்படியே போட்டேன், லைன் வந்துட்டுது.”

“கட்டத்துல மாற்று வழின்னு ஒரு நம்பர் இருந்துச்சே, அத என்ன செஞ்சீங்க?”

“அதயும் போட்டேன். ஊரு கோடு மட்டும் நம்மள்து.”

“அது எடுத்துக்காட்டுக்குப் போட்ட நம்பருங்க! கட்டத்துக்குக் கீழ எழுதியிருந்தேனே!”

“கீழ எங்க மேடம் படிக்க நேரம், முட்டியளவு தண்ணில நிக்கிறேன்.” பிறகு அவர் குரல் மாறியது. “ஆனா டெஸ்ட் பண்ணிப் பாத்தனே. ஒரு அக்கா எடுத்தாங்க. நம்மூரு பேச்சு. எங்கேந்து பேசுறீங்கன்னு கேட்டாங்க, டெஸ்ட்டுக்குன்னு சொன்னேன், நல்லதுண்ணேன்னாங்க.”

அவரைத் திட்ட வாய் வரவில்லை. நான் மட்டும் என்ன செய்திருப்பேன்? வழித்தேடலைத் திறந்து ஆதிவயலுக்குப் பக்கத்தில் எந்த அவசர மையம் உயிரோடு இருக்கிறது என்று பார்த்தேன். பெரியமங்கலம் மையம். அதன் வழி எண்ணை வாசித்தேன், அவர் திருப்பிச் சொன்னார், இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

“மாத்திட்டேன் மேடம். எல்லா டவருக்கும் போய்ச் சேர கொஞ்ச நேரம் புடிக்கும். மேடம்... ஏதும் ஆயிடுச்சா?”

“தெரியலைங்க” என்று வைத்துவிட்டேன்.

அதற்குள் குமரகுருபரன் பெரியமங்கலம் மையத்தைப் பிடித்து, பதிவில் இருந்த முகவரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எதிர்முனையில் இருந்த பெண் எழுதிக்கொண்டாள். “கோடிமுனையில பாம்புக்கடி, ஆண், ஐம்பது வயசு” என்று அவன் சொன்னதும் அவள் நிறுத்தினாள்.

“கோடிமுனைக்கு இப்பப் போக முடியாதுங்க. எங்க ரெண்டு வண்டியும் ரோட்டுல மரம் விழுந்து இந்தப் பக்கமே நிக்குது. அறுத்து வழி பண்ண சாயங்காலம் ஆயிடும். அங்கேந்து தெக்க போற பாதை தொறந்திருக்கு, ஆனா அந்தப் பக்கம் எங்க வண்டி இல்ல. அவங்களா ஏதாவது வண்டி புடிச்சு வேலங்குடி ஆஸ்பத்திரிக்குப் போனா உண்டு. அங்க மருந்து இருக்கு.”

ஒலிபெருக்கியில் அந்தக் கோடிமுனை இளஞ்சியம் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

“பக்கத்து வூட்டுக் கலியமூர்த்தி குட்டியானைய எடுத்துகிட்டு வந்தாருக்கா. ஏத்துங்க, போயிடலாம்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன். அது லோடு வண்டி, குலுங்கும். நீங்க நல்ல வண்டி வருதுன்னீங்கள்ல.”

“சரி இளஞ்சியம். நீங்க தைரியமா இருங்க.”

கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று தெரியவில்லை. அவள் வாசலுக்கு ஒரு வண்டி வந்திருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள், வராத வண்டிக்காக. யாரும் எடுக்காமல் மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தால்கூட, சனியன் போகட்டும் என்று அந்தக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு இந்நேரம் ஆஸ்பத்திரி போயிருப்பாள்.

“நடுவுல புகுந்து நாம பேச முடியுமா?” என்றேன்.

“முடியும். ஆனா ரூல் இருக்கு மேடம். லேப்லேர்ந்து பப்ளிக்கோட பேசக் கூடாது. திருவேங்கடம் சார்கிட்ட ஒரு வார்த்தை...”

திருவேங்கடம் எங்கள் துறைத் தலைவர். போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

“ஜெசிந்தா, ரூட்டை மாத்தியாச்சு இல்லையா? குட். இனி வர்ற கால் எல்லாம் சரியான இடத்துக்குப் போகும். இப்போ லைன்ல இருக்கறவங்ககிட்ட நீங்க போய், வண்டியே அனுப்பலைன்னு சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? பேனிக் ஆவாங்க. நாளைக்குக் கோர்ட்ல நிக்கணும். பெரியமங்கலத்துக்குச் சொல்லியாச்சு, அவங்க பாத்துப்பாங்க.”

“அவங்களால போக முடியாது சார். அந்தாளுக்கு மூச்சு நின்னுரும்.”

“நான் கமிட்டில பேசிட்டுக் கூப்பிடறேன். அதுவரைக்கும் யாரும் எதையும் தொட வேண்டாம்.”

போனை வைத்தேன். குமரகுருபரன் என் முகத்தைப் பார்த்தான். மேஜை மேல் கிடந்த ஹெட்செட்டை என் பக்கம் தள்ளினான். ஒரு பொத்தானை அழுத்தினான், பெரியக்கா நடு வாக்கியத்தில் நின்றது.

“ஹலோ, ஹலோ, இளஞ்சியம்! நான் சென்னையில இருந்து பேசுதேன். நான் சொல்லுதத நல்லா கேளுங்க. வண்டி வரல. வண்டி அனுப்பவே இல்ல. நீங்க கேட்டது மெஷினு. அந்தக் குட்டியானைய ஒடனே கூப்பிட்டு அவர ஏத்துங்க, வேலங்குடி ஆஸ்பத்திரிக்கு...”

“நீங்க யாரு?”

“நான் அவசர... நான் டெலிபோன் ஆபீஸ்ல...”

“அந்த அக்கா எங்க?”

“அக்காவே கெடையாதும்மா! அது கம்ப்யூட்டரு! ஒங்க வீட்டுக்காரர் உயிர் போயிரும், சொன்னாக் கேளுங்க!”

நான் கத்திக்கொண்டிருந்தேன். எனக்கே தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. அந்தப் பக்கம் அவளும் கத்தினாள்.

“யாருடி நீ, பேச்சே வேற மாரி இருக்கு! சாவக் கெடக்கற மனுசன வெச்சுகிட்டு நிக்கிறேன், இப்பக்கூடவா ஏமாத்துவீங்க? உயிரு போயிடும்ங்கற, ஒன் நாக்கு அழுவிப் போவ!”

தொடர்பு அறுந்தது. லேப்பில் குளிர்சாதனத்தின் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளதைச் சொன்னேன், சாபம் கிடைத்தது.

பச்சைக் கட்டம் மறுபடி எரிந்தது. அவள்தான். புதிய வழி அவள் ஊர் டவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

“அக்கா, அக்கா, நீங்கதானே? நடுவுல எவளோ பூந்து என்னன்னமோ சொல்றாக்கா, வண்டி வராதுங்கறா...”

“நாந்தான் இளஞ்சியம். பயப்படாதீங்க. நான் இஞ்சதான் இருக்கேன்.”

அவள் அழத் தொடங்கினாள். தாயைக் கண்ட பிள்ளை போல அந்தக் குரலிடம் அழுதாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பொறாமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

“குரு, பெரியக்காவ நாம சொல்லுதத பேச வைக்க முடியுமா?”

“முடியும். இங்க டைப் பண்ணா அப்படியே சொல்லுவா. அவங்க பேச்சுக்கு அவளே மாத்திப்பா.” விசைப்பலகையை நகர்த்தி வைத்தான். “என்ன சொல்லணும்?”

“நான் எழுதுதேன்.”

இருபது வருடமாக நான் செய்கிற வேலை இது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல். முதலில் செய்ய வேண்டியதை முதலில் எழுது. காரணம் வேண்டுமானால் ஒன்றே ஒன்று, அதுவும் சின்னதாக. ஆனால் வண்டி அனுப்பவே இல்லை என்று எழுத விரல் போகவில்லை. அதை எழுதினால் பெரியக்காவையும் நம்ப மாட்டாள். ஒரு பொய்யை நம்பியவளை அந்தப் பொய்யின் மேலேயே நடத்திக் கரைசேர்க்க வேண்டியிருந்தது. ‘வண்டி வழியில் மரம் விழுந்து நின்றுவிட்டது. கலியமூர்த்தியை இப்போதே கூப்பிடுங்கள். அவர் வண்டியில் ஏற்றுங்கள். வேலங்குடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் கூடவே பேசிக்கொண்டு வருகிறேன்.’

பெரியக்கா சொன்னது. “இளஞ்சியம், வண்டி வர்ற வழியில மரம் சாஞ்சு நின்னுட்டுதும்மா. கலியமூர்த்திய இப்பவே ஒரு சத்தம் போட்டுக் கூப்புடுங்க...”

“சரிக்கா” என்றாள் இளஞ்சியம். ஒரே வார்த்தை. எந்தக் கேள்வியும் இல்லை. பிறகு போனைக் கீழே இறக்காமலே “கலியமூர்த்தீ!” என்று கூப்பிட்டது எங்கள் லேப் முழுக்கக் கேட்டது.

அவர்களை ஏற்றி, வண்டி கிளம்பி, குண்டும் குழியுமான பாதையில் போய்ச் சேரும்வரை நான் அடித்துக்கொண்டே இருந்தேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வை. மூச்சு வருகிறதா பார். பேர் சொல்லிக் கூப்பிடு. நடுவில் ஒரு இடத்தில் “மூச்சு வாங்க மாட்டேங்குறாருக்கா” என்றாள். குமரகுருபரன் எங்கிருந்தோ முதலுதவிப் பக்கத்தைத் தேடி எடுத்து என் கண்முன் பிடித்தான். வாயோடு வாய் வைத்து ஊதச் சொல்லி எழுதினேன். ஊதினாள். வண்டிச் சத்தமும் அவள் ஊதும் சத்தமும் தவிர வேறு எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த எல்லா மாதாவையும் கூப்பிட்டேன். கடைசியில் யாரோ “ஸ்ட்ரெச்சர எடு” என்று கத்தியது கேட்டதும் குமரகுருபரன் மேஜையில் தலை கவிழ்த்துவிட்டான்.

ஆள் பிழைத்துவிட்டார். வேலங்குடி ஆஸ்பத்திரியில் குழாய் வைத்து மூச்சு கொடுத்து, விஷமுறிவு ஏற்றி, அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எல்லாரும் பிழைக்கவில்லை. ஆதிவயல் டவுனில் ஒரு பெரியவர், நெஞ்சுவலி. அன்று காலையில் கூப்பிட்டவர்களில் அவரும் ஒருவர். அவர் வாசலில் எந்தக் குட்டியானையும் நிற்கவில்லை, ஆனால் ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளித்தான். கட்டிலோடு தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். வண்டி வருகிறது என்று காத்திருந்தார்கள்.

கமிட்டி கூடியது. என்னையும் குமரகுருபரனையும் உட்கார வைத்து விசாரித்தார்கள். முருகையனை ஏற்கெனவே வேறு ஊருக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். நான்தான் கட்டத்தை எழுதினேன், அவர் செய்ததை யாரும் செய்திருப்பார்கள், என்னை மாற்றுங்கள் என்றேன். திருவேங்கடம் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவர் முன்னால் ரெண்டு தாள் இருந்தது.

“இது அந்தப் பெரியவரோட மக எழுதினது” என்று ஒன்றை வாசித்தார். “‘எங்க அப்பாவோட கடைசி நேரத்துல எங்ககூடவே இருந்து, ஆறுதல் சொல்லி, அவர் காதுல பேரச் சொல்லிக் கூப்பிடச் சொன்ன அந்தச் சகோதரிக்கு எங்க குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கு.’ பாருங்க ஜெசிந்தா. அன்னிக்கு பெரியக்காகிட்ட பேசினவங்க யாருமே குறை சொல்லல. வண்டி வரலையேன்னு ஒருத்தர் கேக்கல. புயல், ரோடு இல்ல, அவங்களுக்கே தெரியுது. மொத்தத்துல வந்தது ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட்.”

ரெண்டாவது தாளை என் பக்கம் திருப்பினார். அனுப்பியது இளஞ்சியம், கோடிமுனை. உதவிக் குரலுக்கு நடுவே புகுந்து, ஆபத்தான நேரத்தில் பொய் சொல்லிப் பயமுறுத்திய பெண்மணி மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். காப்பாற்றிய அக்காவுக்கு விருது கொடுக்க வேண்டும்.

“நடவடிக்கை எல்லாம் வேண்டாம்னு நான் சொல்லிட்டேன்” என்றார் திருவேங்கடம் பெருந்தன்மையாக. “ஆனா இதுல ஒரு பாடம் இருக்கு. புயல் நாள்ல எப்படியும் வண்டி போக முடியாது. மணி அடிச்சிட்டே இருக்கறதுக்கு பெரியக்கா பேசினா மக்களுக்கு ஒரு தெம்பு. அதனால பேரிடர் நேரத்துல 9900 போடலாம்னு ஒரு யோசனை. கையேட்டுல ஒரு சின்ன திருத்தம். எடுத்துக்காட்டுன்னு இருக்கறத நடைமுறைன்னு மாத்தணும்.”

“வண்டி கெளம்பிடுச்சுன்னு சொல்லுது சார், கெளம்பாத வண்டிய.”

“அதை மாத்திடலாம். ‘ஏற்பாடு நடக்கிறது’ன்னு சொல்ல வைக்கலாம்.”

நான் எழுத மாட்டேன் என்றேன். அவர் சிரித்தார். “வேற யாராவது எழுதுவாங்க” என்றார். அது உண்மைதான்.

அன்று சாயங்காலம் இளஞ்சியத்துக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கவா, சண்டை போடவா என்று எனக்கே நிச்சயமில்லை. அவள் குரலில் இப்போது காற்றில்லை, குழம்பு கொதிக்கும் சத்தம் இருந்தது. டெலிபோன் ஆபீஸ் என்றதும் குதூகலமாகிவிட்டாள்.

“அந்த அக்கா இருக்காங்களா? குடுங்களேன், ஒரு வார்த்த பேசிடறேன். அவங்கள எங்க வூட்டுக்கு வரச் சொல்லுங்க, வஞ்சிர மீன் வாங்கி ஆக்கிப் போடறேன். எங்க வூட்டுக்காரரும் பாக்கணும்ங்கறாரு.”

சொல்லிவிட்டேன். இந்த முறை மெதுவாக, ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம். அது இயந்திரம். அதற்கு வண்டி எதுவும் இல்லை. நடுவில் புகுந்து கத்தியது நான். பிறகு அக்கா சொன்னதெல்லாம் நான் எழுதியது.

அடுப்பை அணைத்தாள் போல, சத்தம் நின்றது.

“அப்ப நீங்க மொதல்ல சொன்னதுதான் நெசமா?”

“ஆமா.”

“அத ஏங்க அப்புடி கத்துனீங்க? பதமா சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்ல.”

“எனக்குப் பயமா இருந்துச்சு இளஞ்சியம். அவரு செத்துருவாருன்னு பயந்துட்டேன்.”

“அந்த அக்கா பயப்படவே இல்லியே” என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே ஏதோ புரிந்தது போலக் குரல் இறங்கியது. “அடுத்த வாரம் இன்னொரு பொயல் வருதுங்கறாங்க. இனிமே கூப்புட்டா யாரு எடுப்பா?”

“இருங்க, பாத்துச் சொல்லுதேன்” என்று வழித்தேடலைத் திறந்தேன். அவள் ஊர் அவசர எண்ணை அடித்தேன். முதன்மை வழி: இயங்குகிறது. மாற்று வழி: 9900. அதன் கீழே, மாற்றியது யார் என்ற இடத்தில் ஆதிவயல் இல்லை, தலைமை அலுவலகம். நேரம் அன்று மதியம், கூட்டம் தொடங்குவதற்கும் முன்னால்.

“என்னங்க, பாத்தீங்களா?”

“இளஞ்சியம், நல்லா கேட்டுக்குங்க. ஏதாச்சும் ஒண்ணுன்னா மொதல்ல கலியமூர்த்தியக் கூப்பிடுங்க. ஆள வண்டியில ஏத்துங்க. வண்டி நகந்த பொறவு எங்களுக்குப் போன் பண்ணுங்க.”

“வண்டில ஏறிட்டா ஒங்க போனு எதுக்குங்க?”

“பேச்சுத் துணைக்கு” என்றேன்.